சந்தனப் பொட்டு வைத்த டெரிஞ்சர்

பூஜைப் பலகையில் அண்ணனின் லேப்டாப்புக்கும் மதினியின் மாத்திரை எண்ணும் தட்டுக்கும் நடுவில் அது இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு கைத்துப்பாக்கி, டெரிஞ்சர் என்று பெயர். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குட்டைக் குழல்கள், பளபளக்கும் வெள்ளி நிறம், கைப்பிடியில் பாலிஷ் போட்ட சிவப்பு மரம். தூரத்திலிருந்து பார்த்தால் குங்குமச் சிமிழ் என்றுகூட நினைக்கலாம். அண்ணன் பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தைக் குழலில் ஒன்று, கைப்பிடியில் ஒன்று, பின்பக்கம் கட்டைவிரலால் இழுக்கும் கொக்கியின் அடியில் தாராளமாக ஒன்று என்று மூன்று இடத்தில் அப்பி, ஒவ்வொன்றின் மேலும் குங்குமம் வைத்தான். "இத்தனை வருஷமா லேப்டாப்புக்கும் கார் சாவிக்கும் பூஜை பண்ணிட்டு இருந்தோம். இந்த வருஷம்தான் ஒரிஜினல் ஆயுத பூஜை" என்று சிரித்தான். போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தான். அந்தப் படம் அவனோடு பேட்மின்டன் ஆடும் கோஷ்டியின் வாட்ஸப் குழுவுக்குப் போக, பதிலுக்குக் கைகூப்பும் பொம்மைகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. மதினி தீபாராதனைத் தட்டில் கற்பூரத்தை வைத்துவிட்டு, மணியை எடுத்து ஆட்டினாள்.

அண்ணன் மனைவியை எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் மதினி என்றுதான் கூப்பிடுவோம். நாத்தனாருக்கும் மதினிக்கும் ஆகாது என்று ஊரே சொல்லும். நான் நியூஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருக்கிறேன். அவர்கள் டெக்சாஸில், பிளானோவில். ஒருவேளை அந்தத் தூரத்தினால்தானோ என்னவோ, அண்ணனைவிட மதினியோடுதான் எனக்கு ஒட்டுதல் அதிகம். அவள் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். ஊரில் படித்த படிப்பு இங்கே செல்லாது என்று சொன்னபோது, இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டே மறுபடி படித்து, பரீட்சை மேல் பரீட்சை எழுதி, சம்பளமில்லாத பயிற்சியெல்லாம் முடித்து லைசென்ஸ் வாங்கினவள். அந்த வெள்ளைக் கோட்டை அவள் இஸ்திரி போடுவதைப் பார்க்க வேண்டும். பட்டுப் புடவைக்குக்கூட அவ்வளவு மரியாதை தரமாட்டாள்.

அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்தது. போன வருஷம் செப்டம்பரில் ஒருவன், போதைக்கு விழுங்குவார்களே அந்த வலி மாத்திரைக்கு, ஒரு டாக்டர் சீட்டைக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறான். பார்த்த மாத்திரத்தில் அது போலி என்று மதினிக்குத் தெரிந்துவிட்டது. டாக்டருக்கு போன் போட்டு உறுதி செய்துகொண்டு, முடியாது என்று சொல்லிவிட்டாள். அவன் கத்தவில்லை. பபிள்கம்மை மென்றுகொண்டே கவுன்ட்டரின் மேல் சாய்ந்து, கடைசி வரிசையில் நிற்கிற வெள்ளைக் கார் உன்னுடையதுதானே என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறான். கத்தியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன் என்று மதினி போனில் என்னிடம் சொன்னாள். போலீசுக்குச் சொன்னார்கள், குறித்துக்கொண்டார்கள். கடையின் மேனேஜர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எதைப் பார்த்துக்கொள்வார் என்று சொல்லவில்லை. அந்தக் கடையில் ஒரு விதி உண்டு. வாசலை ஒட்டிய இடங்கள் வாடிக்கையாளர்களுக்கு. வேலை செய்கிறவர்கள் தங்கள் காரை பார்க்கிங்கின் கடைசி வரிசையில்தான் நிறுத்த வேண்டும். கடையை மூடிவிட்டு அவ்வளவு தூரம் தனியாக நடக்க வேண்டும்.

மதினி அன்றைக்கே அண்ணனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "நான் க்ளோஸ் பண்ற நாள்ல மட்டும் வந்து வாசல்ல நில்லுங்க. கார் வரைக்கும் கூட நடந்தா போதும்." வீட்டுக்கும் கடைக்கும் மூன்று சிக்னல் தூரம். அண்ணனுக்குப் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை. ஆனால் அவன் இன்ஜினியர். வாசலில் போய் நிற்பது அவனைப் பொறுத்தவரை தீர்வே இல்லை. தினமும் ஆள் போக வேண்டும் என்றால் அது எப்படித் தீர்வாகும்? தீர்வென்றால் ஒரு தடவை செய்தால் போதும், அதன்பின் தானே ஓட வேண்டும். "இதுக்கு ஒரு பர்மனென்ட் சொல்யூஷன் பாக்கலாம்" என்றானாம். இன்னொரு சொல்யூஷனும் அவன் கைவசம் இருந்தது: "பேசாம வேலைய விட்டுரு." அதைச் சொன்ன ராத்திரி மதினி என்னிடம் பேசியதை நான் இங்கே எழுத முடியாது.

அந்தப் பர்மனென்ட் சொல்யூஷனைக் கண்டுபிடித்தது பேட்மின்டன் கோஷ்டி. அதில் ஒருவர் எங்கள் எல்லோருக்கும் முன்பே டெக்சாஸுக்கு வந்தவர். கல்யாணமோ கருமாதியோ, வேட்டிக்குக் கீழேகூட கௌபாய் பூட்ஸ் போட்டு வருவார் என்பதால் அவரைப் பிள்ளைகள் பூட்ஸ் அங்கிள் என்பார்கள். துப்பாக்கி விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். அவருடைய வீட்டு ஹாலில் பெரிய டிவியில் எக்செல் ஷீட்டைப் போட்டு ஆறேழு ஆண்கள் உட்கார்ந்து அலசியிருக்கிறார்கள். நீளம் எவ்வளவு, எடை எவ்வளவு, குழலின் அளவென்ன, ஹேண்ட்பேக்கின் சைடு பாக்கெட்டில் அடங்குமா, எல்லாவற்றுக்கும் அதில் ஒரு கட்டம் இருந்தது. இதைக் கையில் பிடிக்கப்போகிறவளை அன்றைக்கு யாரும் கூப்பிடவில்லை. அவள் அடுக்களையில் அவர்களுக்குப் பஜ்ஜி போட்டுக்கொண்டிருக்கவும் இல்லை. கடையில் நின்று யாருக்கோ மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள். கடைசியில் டெரிஞ்சர் ஜெயித்தது. "சிஸ்டருக்கு இதுதான் கரெக்ட். சின்னது, க்யூட்டா இருக்கு. லேடீஸ் கன்" என்று அங்கிள் தீர்ப்புச் சொன்னார். அந்த சனிக்கிழமையே வாங்கிவிட்டார்கள்.

லேடீஸ் கன்! அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. சின்னது என்றால் பெண்களுக்குச் சுலபம் என்று எவன் சொன்னான்? கனமான துப்பாக்கி சுடும்போது வரும் உதையில் பாதியைத் தானே வாங்கிக்கொள்ளும். இந்தக் குட்டிச்சாத்தானில் எடையே இல்லாததால் உதை மொத்தமும் கைக்குத்தான் வரும். கைப்பிடியில் இரண்டு விரலுக்குத்தான் இடம். மிச்ச விரல்கள் காற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தடவை சுடுவதற்கு முன்பும் பின்பக்கக் கொக்கியைக் கட்டைவிரலால் முழுக்க இழுத்து நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு விசையை அழுத்த வேண்டும். அதுவும் லேசில் அசையாது. இப்படி இரண்டு தடவை. அதோடு சரி. அப்புறம் குழலைத் திறந்து, காலித் தோட்டாவை நகத்தால் நெம்பி எடுத்து, புதிதாக இரண்டைச் சொருகி மூட வேண்டும். வந்தவன் அதுவரை டீ குடித்துக்கொண்டு காத்திருப்பான் போலிருக்கிறது. தனக்கு எது வேண்டும் என்று தானே பார்த்து, பழகி, தன் கைக்குப் பொருந்துவதை வைத்துக்கொள்ளும் பெண்கள் டெக்சாஸில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அது அவர்கள் பாடு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். என் கோபம் அளவெடுக்காமல் சட்டை தைத்தவர்கள் மேல்தான்.

அளவு என்றதும் மதினியின் கட்டைவிரலைச் சொல்ல வேண்டும். இங்கே மாத்திரை டப்பாக்களின் மூடியைப் பிள்ளைகள் திறந்துவிடக் கூடாது என்று ஒரு விதமாகச் செய்திருப்பார்கள். கீழே அழுத்திக்கொண்டே திருக வேண்டும். நாள் முழுக்க, வருஷக்கணக்கில் அதைச் செய்து செய்து அவளுடைய வலது கட்டைவிரலின் அடி மூட்டு வீங்கிக்கிடந்தது. வீட்டில் ஊறுகாய் பாட்டிலைக்கூட மகளிடம் நீட்டித் திறக்கச் சொல்வாள். ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டு டிவி பார்ப்பாள். அண்ணன் பக்கத்து சோபாவில்தான் உட்கார்ந்திருப்பான். அவனுக்குத் தைலத்தின் வாசனை தெரியும். விரல் தெரியாது.

நவராத்திரிக்கு நான் பிளானோ போயிருந்தபோது சனிக்கிழமை எல்லோருமாக ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போனோம். துப்பாக்கி சுட்டுப் பழகும் இடம். எனக்கு அதுதான் முதல் தடவை. காதுக்கு மாட்டிக்கொண்ட மூடியையும் மீறி ஒவ்வொரு சத்தமும் நெஞ்சில் வந்து இடித்தது. மதினி சல்வாரின் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். கொக்கியை ஒரு கட்டைவிரலால் இழுக்க முடியாமல், இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். எங்கள் வீட்டு ஹாலின் நீளம்கூட இருக்காது, அவ்வளவு பக்கத்தில் காகித மனிதன் தொங்கினான். சுட்டாள். குழல் கூரையைப் பார்த்து எகிறியது. காகித மனிதன் சௌக்கியமாக இருந்தான். மதினியின் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலிருந்த தோல் கிழிந்து ரத்தம் கசிந்தது. அண்ணன் இதை முழுக்க வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். "கையைக் கொஞ்சம் ஸ்டெடியா வச்சுக்கோ" என்று ஆலோசனை வேறு. பிறகு தான் வாங்கிச் சுட்டான். அவனுடைய குண்டும் எங்கேயோ போயிற்று. சுட்ட கையைச் சத்தம் போடாமல் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். வெகுநேரம் அதை அவன் வெளியே எடுக்கவில்லை. மதினி அதைப் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

பூட்ஸ் அங்கிளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "ஏய்ம் எல்லாம் முக்கியம் இல்லம்மா. ஒரு தடவை சவுண்டு கேட்டாலே எவனும் ஓடிருவான்" என்றார். சத்தம்தான் வேண்டுமென்றால் ஒரு அணுகுண்டு வெடியும் தீப்பெட்டியும் போதுமே, இதற்கு எதற்கு எக்செல் ஷீட் என்று நான் கேட்டேன். "நியூஜெர்சிக்காரங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று சிரித்துவிட்டார். வீட்டுக்கு வரும்போது மதினி பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் டிஷ்யூவை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள். "ஏட்டி, ஒரு வேடிக்கை சொல்லட்டா? இத நான் ஸ்டோருக்குள்ள கொண்டுபோவவே கூடாது. எம்ப்ளாயீஸ் வெப்பன் வச்சுக்கக் கூடாதுன்னு ரூல். கார்லதான் வச்சுப் பூட்டணும்."

எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது, அவள் சொன்னது மண்டையில் ஏற. கடைக்குள் இருக்கும்போது அவளைச் சுற்றி ஆள் உண்டு, கேமரா உண்டு. காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டிவிட்டால் ஓட்டிக்கொண்டு போய்விடலாம். ஆபத்தெல்லாம் கடை வாசலுக்கும் காருக்கும் நடுவில் உள்ள அந்த நடையில்தான். அந்த நடை முழுக்க துப்பாக்கி எங்கே இருக்கும்? காரில். நடந்து போய்ச் சேர்ந்துவிட்டால் துப்பாக்கி தேவையில்லை. போய்ச் சேர முடியாவிட்டால் துப்பாக்கி கிடைக்காது. குழலின் அளவை மில்லிமீட்டரில் ஒப்பிட்ட அத்தனை மூளைகளும் சேர்ந்து இந்த ஒன்றை யோசிக்கவில்லை. முன்சீட்டில் இருந்த அண்ணனிடம் இதை அப்படியே சொன்னேன். "அதெல்லாம் ஒரு மனதைரியத்துக்குத்தான்" என்றான். யாருடைய மனதுக்கு? அவள் கேட்டதைச் செய்யாத குறை தெரியாமலிருக்க அவன் தன் மனதுக்கு வாங்கிக்கொண்ட தைரியம் அது. அன்றைக்கே அது எனக்குப் புரிந்துவிட்டது.

அதற்கடுத்து வந்ததுதான் ஆயுத பூஜை. அமெரிக்காவில் சரஸ்வதிக்கெல்லாம் லீவு கிடையாது. அன்றும் மதினிக்கு மதியத்திலிருந்து வேலை, அவள்தான் கடையை மூட வேண்டும். பூஜை முடிந்து வெள்ளைக் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினவள், பழக்கதோஷத்தில் பலகையில் இருந்த டெரிஞ்சரை எடுக்கக் கையை நீட்டினாள். "ஏய், ஏய், பூஜையில வச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாது. நாளைக்கு விஜயதசமிக்கு மறுபூஜை பண்ணிட்டுத்தான்" என்று அண்ணன் தடுத்தான். லேப்டாப்பை மட்டும் 'ஆபீஸ் எமர்ஜென்சி' என்று அவன் பத்து மணிக்கே எடுத்துவிட்டிருந்தான். மதினி நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஆயுத பூஜை அன்னிக்கு ஆயுதத்துக்கு லீவு போல" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் அண்ணன் ஒரு பூவை வைத்துவிட்டு, சந்தனத்தோடும் குங்குமத்தோடும் அதைக் கொண்டுபோய் அவள் காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். துடைக்கவில்லை. சாமிக்கு வைத்த பொட்டைத் துடைப்பது அபசகுனமாம். அக்டோபரிலும் அங்கே வெயில் கொளுத்தும். பார்க்கிங்கின் கடைசி வரிசையில் மரம் கிடையாது.

ஜனவரியில் அது நடந்தது. ஆறு மணிக்கே இருட்டிவிடும் நாட்கள். மதினி கடையை மூடிக்கொண்டு வெளியே வந்து பாதித் தூரம் நடந்திருக்கிறாள். அவளுடைய காரின் ஓட்டுநர் பக்கக் கதவில் ஒருவன் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். முகம் தெரியவில்லை, தாடை மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. எதையோ மென்றுகொண்டிருந்தான். அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கடை பூட்டியாயிற்று. டெரிஞ்சர் அவன் முதுகுக்குப் பின்னால், காருக்குள், பூட்டிய பெட்டிக்குள் சந்தனப் பொட்டோடு பத்திரமாக இருந்தது. அண்ணனுக்கு போன் போட்டாள். அவன் மீட்டிங்கில் இருந்தான். 'பிறகு அழைக்கிறேன்' என்று அவன் போன் தானாகவே ஒரு செய்தியை அனுப்பியது. அவள் திரும்பி விறுவிறுவென்று நடக்க, காரில் சாய்ந்து நின்றவன் ஓடி வந்து ஹேண்ட்பேக்கின் வாரைப் பிடித்து இழுத்தான். கார்கள் முட்டி நிற்பதற்குப் போட்டிருக்கும் சிமென்ட் கட்டையின் மேல் வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்த சத்தம் தனக்கே கேட்டது என்றாள்.

விழுந்த இடத்திலிருந்து அவள் கத்தியிருக்கிறாள். ஹெல்ப் என்று கத்த வேண்டும் என்று தோன்றவே இல்லையாம். "ஏல! விடுல! விடுல சவத்து மூதி!" என்று பாளையங்கோட்டை மார்க்கெட் வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு சத்தம். அதே காம்ப்ளெக்ஸின் மறுமுனையில் இந்தியக் கடை இருக்கிறது. அங்கே அரிசி மூட்டையைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு நாகர்கோவில் குடும்பத்தின் காதில் அது விழுந்தது. பிளானோவின் பார்க்கிங்கில் 'ஏல' என்ற குரல் கேட்டால் எந்தத் தெற்கத்திக்காரன் சும்மா நிற்பான்? புருஷனும் பெண்டாட்டியுமாக ஓடி வந்திருக்கிறார்கள். அந்தப் பயல் ஹேண்ட்பேக்கோடு ஓடிவிட்டான். அதில் அவனுக்குக் கிடைத்தது கழுவாத தயிர்சாத டப்பாவும் ஒரு தைல பாட்டிலும். பார்மசியின் சாவி அவள் கோட்டுப் பையில் பத்திரமாக இருந்தது. போலீஸ் வருகிறவரை, யாரென்றே தெரியாத அந்த நாகர்கோவில் பெண் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

நான் லீவு போட்டுவிட்டு ஓடினேன். கையில் கட்டோடு மதினி சோபாவில் உட்கார்ந்திருக்க, வார இறுதியில் கோஷ்டி மொத்தமும் சாப்பாடு கட்டிக்கொண்டு பார்க்க வந்தது. நல்ல மனிதர்கள்தான், அதை நான் மறுக்கவில்லை. புளியோதரையும் வடையும் கொண்டுவந்தார்கள், பாத்திரம்கூடக் கழுவிக் கொடுத்தார்கள். ஆனால் வாயைத் திறந்தார்களே, அங்கேதான் என் வயிறு எரிந்தது. பெரியதாக ஒன்று வாங்கியிருக்க வேண்டும் என்றார் ஒருவர். "சிஸ்டர், ஸ்டோர விட்டு வந்ததும் ஸ்ட்ரெய்ட்டா கார்ல போய் அதக் கைல எடுத்திருக்கணும்" என்றார் பூட்ஸ் அங்கிள். எங்கே போய்? எவனைத் தாண்டி? என் சொந்த அண்ணன், கூடப் பிறந்தவன், தட்டில் வடையை வைத்துக்கொண்டு சொன்னான்: "வாங்கிக் குடுத்தும் யூஸ் பண்ணலைன்னா நாம என்ன பண்ண முடியும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி பேசிவிட்டாள். குரலை உயர்த்தவே இல்லை. "அதக் கொஞ்சம் கொண்டுவாங்களேன்" என்றாள். அண்ணன் காரிலிருந்து எடுத்து வந்தான். முதலில் குழலைத் திறந்து தோட்டா இரண்டையும் வெளியே எடுக்கச் சொன்னாள். எடுத்து வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். "இப்ப அந்தக் கொக்கிய இழுங்க" என்றாள். "இது என்ன பெரிய விஷயம்" என்று அண்ணன் கட்டைவிரலை வைத்து இழுத்தான். கொக்கி அசையவில்லை. இன்னொரு கட்டைவிரலையும் சேர்த்தான். முகம் சிவந்தது. பூட்ஸ் அங்கிள் கொண்டா என்று வாங்கினார். அவருக்கும் அசையவில்லை. கொக்கியின் அடியிலிருந்து மஞ்சளாகப் பொடி உதிர்ந்து அவர் மடியில் விழுந்தது. அவர் தொட்டு, மோந்து பார்த்தார். சந்தனம். மூன்று மாதம் காருக்குள் கிடந்து, காய்ந்து, கொக்கியின் இடுக்கு முழுக்கச் சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. பூட்ஸ் அங்கிள் மடியில் விழுந்த பொடியைத் தட்டிவிட்டு, துப்பாக்கியை வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நான் துப்பாக்கியா கேட்டேன்?" என்றாள் மதினி. "வாசல்ல வந்து நில்லுங்கன்னு கேட்டேன். மூணு சிக்னல். அதுக்கு இத்தன பேர் மீட்டிங் போட்டிய, ஷீட் போட்டிய, கடைக்குப் போனிய. ஒருத்தராச்சும் வாசலுக்கு வந்தியளா?" மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவர்களுடைய மகள், இங்கேயே பிறந்தவள், போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "டாட், வொய் குடுன்ட் யூ ஜஸ்ட் கோ வாக் வித் ஹெர்?" என்று கேட்டாள். கிண்டலே இல்லை. அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை. அண்ணன் வடையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போனான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவன் முதுகு மட்டும் தெரிந்தது. அழுதானா என்று எனக்குத் தெரியாது. அழுதிருந்தாலும் அன்றைக்கு எனக்கு இரக்கம் வந்திருக்காது.

அந்த டெரிஞ்சரை வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மதினியின் கை கூடிவர வசந்தமே முடிந்துவிட்டது. வேலையை விடவில்லை. இருட்டிவிட்டால் காரை வாசலில்தான் நிறுத்துவேன், இல்லையென்றால் கடையை மூட வேறு ஆளைப் பாருங்கள் என்று மேனேஜரிடம் நேராகச் சொன்னாள். அந்த விதி அன்றைக்கே தளர்ந்துவிட்டது. ஒருத்தியின் எலும்பு முறிந்த பிறகுதான் அவருக்கும் பார்த்துக்கொள்ள முடிந்தது! அந்த பபிள்கம் மெல்லுகிற பயலை வேறொரு மருந்துக் கடையில் வைத்துப் பிடித்துவிட்டதாகக் கேள்வி.

என் கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. ஆறவிடவும் மாட்டேன்கிறார்கள். போன மாதம் இங்கே நியூஜெர்சியில், பிரிட்ஜ்வாட்டர் கோயிலில், பிரசாதம் வாங்க நின்ற வரிசையில், எங்கள் பக்கத்துத் தெரு அங்கிள் ஒருவர் மனைவியை வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார். "உங்க பிரதர் டெக்சாஸ்லதானம்மா இருக்கார்? இவ சாயந்திரம் தனியா வர்றா. ஹேண்ட்பேக்ல வைக்கற மாதிரி க்யூட்டா, சின்னதா ஒண்ணு இருக்காமே, டெரிஞ்சரோ என்னமோ, அது எப்படி?" இவ என்று சுட்டப்பட்டவர் தொன்னையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அந்த அங்கிளை விட்டுவிட்டு அவர் மனைவி பக்கம் திரும்பினேன். "ஆன்ட்டி, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது. "ஸ்டேஷன் பார்க்கிங் லாட் ரொம்ப இருட்டும்மா. ட்ரெயின் வர்ற நேரத்துக்கு இவர் வந்தா போதும்" என்றார். அங்கிள் தொன்னையிலிருந்த சர்க்கரைப் பொங்கலை அவசர அவசரமாகச் சாப்பிட ஆரம்பித்தார்.

இந்த வருஷ நவராத்திரிக்கும் பிளானோ போயிருந்தேன். அதே பலகை. அண்ணனின் லேப்டாப், மகளின் கால்குலேட்டர், மதினியின் மாத்திரை எண்ணும் தட்டு, அதன் சின்னக் கரண்டி. நடுவில் வெள்ளியாகப் பளபளக்க எதுவும் இல்லை. மதினி கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். கட்டைவிரல் இன்னும் முழுதாக மடங்குவதில்லை, மோதிர விரலால்தான் வைத்தாள். பிறகு எழுந்து வாசல் பக்கம் போய், அண்ணனின் ஓட்டப் பயிற்சி ஷூ இரண்டையும் எடுத்து வந்தாள். கட்டுப் பிரித்த நாளிலிருந்து, அவள் கடையை மூடும் ஒவ்வொரு நாளும் அவன் அதைப் போட்டுக்கொண்டுதான் மூன்று சிக்னல் தாண்டிப் போய் வாசலில் நிற்கிறான். பலகைக்குக் கீழே செய்தித்தாளை விரித்து, ஷூவை அதன் மேல் வைத்து, இரண்டின் முனையிலும் நிதானமாகச் சந்தனமும் குங்குமமும் இட்டாள்.

அண்ணன் பதறிவிட்டான். "என்ன பண்ற நீ? சாமி முன்னால செருப்பையா வைப்பாங்க? அபச்சாரம்!" மதினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆளைக் கொல்லுற சாமான அந்தப் பலகைலயே ஏத்தி வச்சு போட்டோ எடுத்தியளே, அது அபச்சாரமாத் தெரியலையாக்கும்?" என்றாள். அண்ணன் கற்பூரத்தை ஏற்றினான்.

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு அவன் பலகையின் முன்னால் வந்து தயங்கி நின்றான். மதினி மதியமே வேலைக்குப் போயிருந்தாள். என் போன் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தாள். பூஜையில் வைத்ததை இன்றைக்கு எடுக்கக் கூடாதே, என்ன செய்வார் உங்க வீட்டுக்காரர் என்று நான் வேண்டுமென்றே அவன் காதில் விழும்படி கேட்டேன். அந்தப் பக்கம் கடையின் தட்டில் மாத்திரைகள் விழும் சத்தம் நின்றது.

"எடுத்துப் போட்டுட்டு வரச் சொல்லு ஏட்டி" என்றாள். "இந்த ஆயுதத்துக்கு லீவு கெடையாது."